மழையில் கரைந்த எழுத்து

"போர்ட் வேணும்" என்றேன்.
சுகிர்தன் ஓட்டோவை வடக்கே திருப்பினான்.
காங்கேசன்துறையில் இந்த மழைக்குள் என்ன அலுவல் என்று
அவன் முதுகு கேட்டது.
துறைமுகம் இல்லையடா, குடிக்கிறது.
கண்ணாடிக்குள் அவன் கண் ஒருமுறை என்னைத் தொட்டு
வீதிக்குத் திரும்பியது.

ஸ்ரான்லி வீதியில், கம்பி வலைக்குப் பின்னால்
போத்தல்கள் நிற்கிற அந்தக் கடைக்குள்
நான் போக முடியாது.
காணி உறுதிகளைப் பதிகிற கை இது,
இருபத்தாறு வருசமாய்
ஆருடைய எல்லை எந்த வேலியில் முடியுதென்று எழுதுகிற கை.
ஆனாலும் கல்லாவில் ஒட்டிய கடதாசி
பெண்களுக்கு விற்பனை இல்லை என்கிறது.
ஆகவே சீட்டில் எழுதிக் கொடுத்தேன்:
போர்ட், ஒன்று.

படங்கில் மழை தட்டத் தட்ட உள்ளே இருந்தேன்.
திரும்பி வந்தான், சிரிப்பை அடக்க மாட்டாமல்.
சீட்டு நனைந்து கடைசி எழுத்து கரைந்துவிட்டதாம்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
கடைக்காரர் வாசித்தாராம்:
"போர், ஒன்று."
"அது முடிஞ்சுது தம்பி. ஸ்டொக் இல்லை.
ஆர் கேட்டாலும் இனி எடுக்கிறதாய் இல்லை."
வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்களாம்.
ஒராள் மட்டும் சிரிக்காமல்
மிச்சக் காசைத் திரும்ப எண்ணினாராம்.

இரண்டாம் முறை கைபேசியோடு அனுப்பினேன்.
முதல் படத்தில் அவன் பெருவிரல்
ஆண்டை மறைத்தபடி.
அடுத்தது, பளபளத்த கழுத்து, தங்கத் தாள்,
கலியாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம்போல.
மூன்றாவதில் ஒரு பாய்க்கப்பல், சின்னது,
வல்லத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது.
"தூசி பிடிச்சிருக்கு அக்கா, துடைக்கட்டோ?"
துடைக்காதே.
நிறத்தைச் சொல்லு.
வெளிச்சத்துக்குப் பிடித்தான் போல.
"மற்றது நாவல்பழம். இது, கப்பல் போட்டது,
பனங்கட்டிப் பாகு இறக்கப் போற நேரம்."

"ஆருக்கு அக்கா குடுக்கிறது?"
ஒருத்தருக்கு.
"வயசாளியோ?"
ஐம்பத்திரண்டு.
"நெடுகக் குடிக்கிறவரோ?"
இல்லை. எப்பவோ ஒரு ஞானஸ்நான வீட்டில்
அரைக் கிளாஸ். நாக்கு மறக்கேல்லை அவருக்கு.
"கடிக்க ஏதும் வைச்சுக் குடிப்பாரோ?"
சும்மா. தனிய. கதவைச் சாத்திப்போட்டு.
"அப்ப கப்பலை எடுக்கிறன்" என்றான்.
"மற்றது ஆக்களுக்குக் காட்டுற போத்தல்.
இது இருந்து குடிக்கிறவருக்கு."
ஒன்பதாயிரத்து எழுநூறு.

அன்று காலையில்தான் வங்கி
கடைசித் தவணைக்கு முத்திரை குத்தி
என் குருநகர் வீட்டு உறுதியைத் திருப்பித் தந்திருந்தது.
வடக்கே அந்தோனிமுத்து காணி, தெற்கே ஒழுங்கை.
நடுவில் எமில்டா என்று என் பெயர்,
இன்னார் மனைவி என்று பக்கத்தில் ஒன்றும் இல்லாமல்.

இரவு கதவைச் சாத்தினேன்.
மூடி ஒரு இருமல் இருமிக் கழன்றது.
வைன் கிளாஸ் ஏது, தேத்தண்ணிக் கிளாஸ்தான்.
முதல் மிடறு மெத்த இனிப்பு;
இவ்வளவு காசுக்கு இதுவோ என்றிருந்தது.
இரண்டாவது, தொண்டையைக் கடந்து போய்
எங்கேயோ ஒரு விளக்கைப் போட்டது.
கிளாசை உறுதியின் மேல் வைத்துவிட்டு
எழும்பி மழையைப் பார்த்தேன்.
திரும்பி வந்தால் தெற்கெல்லையில்
ஒரு வட்டம், பனங்கட்டி நிறம்.
பதிவாளர் கண்டால் ஏசுவார்.
துடைக்கவில்லை.

திங்கட்கிழமை, கந்தோர் வாசலில்
ஓட்டோவை நிறுத்திய சுகிர்தன்
முன்னுக்குப் பார்த்தபடி,
மீட்டரைத் தட்டிக்கொண்டு கேட்டான்:
"அவவுக்குப் பிடிச்சுதோ?"